நடுவில் நிற்கக் கூடாத நாயகன்

தயாரிப்பு நிர்வாகி என்பவன், மற்றவர்கள் படம் எடுக்கும்போது மூச்சுவிட மறந்து நிற்பவன். முப்பது வருடமாகச் சென்னையில் எனக்கு இதுதான் தொழில். மழை வேண்டுமென்றால் லாரித் தண்ணீர், கூட்டம் வேண்டுமென்றால் பிரியாணிப் பொட்டலம், யானை வேண்டுமென்றால் யானை. எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருக்கிறேன். பயப்படாமல் ஒன்றையும் ஏற்பாடு செய்ததில்லை.

அப்படிப்பட்டவனை நம்பி லண்டனிலிருந்து வந்தார் ஜோய். பார்படோஸ் தீவிலிருந்து லண்டனுக்குக் குடிபோன கறுப்பினக் குடும்பத்துப் பெண். ஆவணப்படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவர். ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கோட்டைக்குக் கல் சுமந்து, பிறகு உள்ளூர் நிலக்காரர் ஒருவருக்கு விற்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஒருவரின் கதையைத் திரைப்படமாக எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசைக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணம் போன விமானத்தில் ஒரு நீலக் கோப்பைப் படிக்கக் கொடுத்தார். ஒன்பது வருடத்துப் பதில் கடிதங்கள். பெரும்பாலானவை "மிக முக்கியமான கதை" என்று தொடங்கின. அப்படித் தொடங்கிய கடிதம் ஒன்றிலும் பணம் இல்லை. ஒருவர், "இந்த வருடம் இப்படி ஒரு படம் ஏற்கெனவே வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். வருடத்துக்கு ஒன்றுதான் போலிருக்கிறது, தீபாவளி மாதிரி. இன்னொருவர், இதே மாதிரி லாபம் பார்த்த படம் ஒன்றைக் காட்டினால் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். யாரும் பணம் தராததால் அப்படி ஒரு படமே இல்லை. நல்ல மனசுள்ள வெள்ளைக்கார மருத்துவர் ஒருவரைச் சேர்த்து, அவர் கண் வழியாகக் கதையைச் சொன்னால் யோசிக்கலாம் என்று மூன்று பேர், ஒருவரையொருவர் கேட்காமலே, எழுதியிருந்தார்கள்.

சென்னையை மட்டும் குறை இல்லாமல் விடுவானேன். கிளம்பும் முன் நான் கூட்டிப்போன தயாரிப்பாளர் கதையைக் கண்மூடிக் கேட்டுவிட்டு, "சூப்பர்மா. நம்ம ஹீரோவுக்கே கொஞ்சம் கறுப்பு மேக்கப் போட்டுடலாம்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. ஜோய்க்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் வேனோடு, அவர்கள் வாயில் வானோடு, காத்திருந்தவர் ரமீஸ். நாற்பதைத் தாண்டிய மனிதர், டவுனில் முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருக்காரர். முதல் வேலையாகக் கடையில் நிறுத்திப் பாணும் சம்பலும் வாங்கித் தந்தார். பால் இல்லாத தேநீரும், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும். சென்னையில் பால் இல்லாமல் டீ கொடுத்தால் கடைக்காரர் மீது சந்தேகப்படுவோம். இங்கே மூன்று குடித்துவிட்டு நான்காவதைக் கேட்டேன்.

"பாண் என்றால் என்ன மொழி?" என்று ஜோய் கேட்டார். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்றேன். கதிரை, அலுமாரி, சப்பாத்து என்று ரமீஸும் சேர்ந்து அடுக்கினார். ஜோய் ரொட்டியைப் பிய்த்தபடி, "நாற்காலியை விட்டுப்போனார்கள், ரொட்டியை விட்டுப்போனார்கள். கூடக் கொண்டுவந்த எங்கள் ஆட்களை எங்கே விட்டுப்போனார்கள்?" என்றார். நானும் ரமீஸும் ஒரே நேரத்தில் தேநீர் குடித்தோம்.

கோட்டையில் மதில் கல்லை உற்றுப் பார்த்தால் பவளப் பூ தெரிகிறது, கடலிலிருந்து பெயர்த்த கல். ஒரு கல்லைச் சுமந்தவன் எத்தனை அடி நடந்திருப்பான் என்று ஜோய் எண்ணிக்கொண்டு நடக்க, நான் வெயிலில் நின்று என் ரத்த அழுத்தத்தை எண்ணினேன். அப்போது ஒரு குடும்பம் வந்தது.

"உவா ஆபிரிக்காவோ?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

"லண்டன்" என்றேன்.

"அட, அப்ப எங்கடை சித்தப்பாவைத் தெரிஞ்சிருக்கும். ஈஸ்ட்ஹாமிலை இருக்கிறார்."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். ஜோய் குடியிருப்பது ஈஸ்ட்ஹாமுக்குப் பக்கத்தில்தான். இருவரும் அங்கே றோல்ஸ் பலகாரம் விற்கும் கடை ஒன்றைப் பற்றி ஆங்கிலத்திலேயே கால் மணி நேரம் பேசினார்கள். மொழிபெயர்ப்பாளனாகிய என்னை யாரும் தேடவில்லை.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். வட்டுக்கோட்டைப் பக்கம், கனடாவிலிருந்து ஆறு மாதம் ஊரில் வந்து இருக்கும் சிவராசா என்பவரின் வீட்டில் மதியச் சாப்பாடு. கனடாவில் உணவகங்கள் நடத்துபவர். படத்துக்குப் பணம் போட விரும்புவதாக அவரேதான் எழுதியிருந்தார். நீலக் கோப்பில் சேராத ஒரே கடிதம் அது. இவரும் இல்லையென்றால் படத்தை மூட்டை கட்டிவிடுவதாக ஜோய் சொல்லியிருந்தார். அதைச் சாதாரணக் குரலில் சொன்னதால்தான் நான் நம்பினேன்.

வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வான் நின்றுவிட்டது. ரமீஸ் வானுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். என் அனுபவத்தில் இரண்டு முறை சொன்னால் ஏதோ இருக்கிறது. கடைசியில் லான்ட்மாஸ்டர் என்று அங்கே சொல்லும் கைப்பிடி உழவு இயந்திரம் ஒன்று தன் பின்பெட்டியில் எங்களை ஏற்றிக்கொண்டது. வருங்காலத் தயாரிப்பாளரின் வாசலில், வெங்காய மூட்டைகள் மீது உட்கார்ந்தபடி, இஸ்திரி போட்ட என் வெள்ளைச் சட்டையோடு போய் இறங்கினேன். நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. பரிதாபப்பட்டது.

சிவராசா லுங்கியும் பேஸ்பால் தொப்பியுமாக வந்து, "வாங்கோ, வாங்கோ! வெங்காயத்தோடை வந்தவையைத் திருப்பி அனுப்பேலாது" என்று சிரித்தார். அவர் மனைவி மலர் இடியப்பம், சொதி, நண்டுக் கறி, ஆட்டிறைச்சிக் கறி என்று வைத்துக்கொண்டே போனார். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் விருந்துக்கு வரும். இங்கே அது வீட்டோடு இருக்கிறது. "வடிவாச் சாப்பிடுங்கோ. கதை ஓடிப் போகாது" என்று மலர் என் தட்டில் இன்னொரு நண்டை வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மலர் ஜோயைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். வானைச் சரிசெய்து வந்திருந்த ரமீஸ் மேசையின் மறுமுனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவராசா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"கதை நல்ல கதை. ஒரு சின்ன விசயம்தான். அவனை வாங்கிறது எங்கடை காணிக்காரன் எண்டு இருக்கு. அதை வெள்ளைக்காரன் எண்டு மாத்துங்கோ. செய்தது அவங்கள்தானே. ஏன் எங்கடை ஆக்களை இழுப்பான்?"

இங்கே என் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் எதைக் கேட்டாலும் தயாரிப்பு நிர்வாகியின் வாய் "பண்ணிடலாம் சார்" என்று சொல்லிவிடும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும். நிலாவை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னாலும் பண்ணிடலாம் சார்தான். சென்னையில் இதைக் கேட்கும் தயாரிப்பாளருக்கும் தெரியும், பாதி நடக்காது என்று.

"பண்ணிடலாம் சார்" என்றேன்.

சிவராசா சென்னைக்காரர் இல்லை. அந்த ஊரில் ஒருவர் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுச் சொன்ன சொல், சொன்ன சொல். அவர் உடனே தொலைபேசியை எடுத்துக் கனடாவிலிருக்கும் தம்பிமாரிடம், "சரிவந்திட்டுது. மாத்துறதுக்கு ஓமெண்டிட்டினம்" என்றார். அங்கே அப்போது என்ன நேரமோ, அவர்களும் எழுந்து சந்தோசப்பட்டார்கள். "நாளையிண்டைக்கு நாள் நல்லம். ஐயரைக் கூப்பிட்டு ஒரு பூசை போடுவம்" என்று என்னிடம் நாளை மறுநாளைக் குறித்தார். நான் தலையாட்டினேன். ரமீஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஜோய் உற்சாகமாக இருந்தார். மலருக்கு இத்தனை ஆங்கிலம் வரும் என்று எதிர்பார்க்கவில்லையாம். "சிவராசா ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். "சாப்பாட்டைப் பற்றித்தான்" என்றேன். பொய்யில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை குருநகர். ஜோய் கரையில் படகுகளைப் படமெடுக்கப் போனார். நான் மீன் ஏலம் போடும் இடத்தில் ஒரு சீலாமீன் முன்னால் நின்று, அதனிடம் உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"என்ன ஐயா, மீனைப் பாத்து அழுறியள்?" என்றார் விற்ற பெண். "விலை நான் இன்னும் சொல்லேல்லையே!"

சுற்றி நின்றவர்கள் சிரிக்க, நான் வானுக்குள் தஞ்சம் புகுந்தேன். ரமீஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, மிஸ்ஸிட்டைச் சொல்லிட்டியளோ?"

"இன்னும் இல்லப்பா."

அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "எங்கடை கதையையும் படம் எடுக்கோணும் எண்டு ஒருத்தர் திரிஞ்சவர். தொண்ணூறிலை எங்களை, முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும், இயக்கம் இந்த ஊரிலையிருந்து அனுப்பின கதை. எனக்கு அப்ப எட்டு வயசு. வெளிக்கிட்டுப் போக ரண்டு மணித்தியாலம் தந்தவை. என்ரை உம்மா ரண்டு நாள் இருந்து அந்தாளுக்கு எல்லாம் சொன்னவ. பிறகு அந்தாள் காசு தேடிப் போச்சுது. இஞ்சை கேட்டால், உதை இப்ப எடுத்தால் மற்றவன் எங்களைப் பாத்துச் சிரிப்பான் எண்டினம். கொழும்பிலை கேட்டால், உதை இப்ப எடுத்தால் தமிழர் கோவிப்பினம் எண்டினம்."

"அப்புறம்?"

"அப்பிறம் என்ன, படம் இல்லை. அந்தாள் இப்ப கலியாண வீடியோ எடுக்கிறார். நல்லாத்தான் எடுக்கிறார்." பிறகு, திரும்பாமலே, "உம்மா மௌத்தாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவ, அந்தப் பெடியன் வந்தவனோ எண்டு" என்றார்.

நான் இறங்கிப் போய் ஜோயிடம் சொன்னேன். படகு ஒன்றின் மறைவில் நின்று, தேவைப்பட்டால் ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. மணலில் உட்கார்ந்தார். "ஒன்பது வருடமாக லண்டனில் ஒரு நல்ல வெள்ளைக்காரனை நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். இங்கே வந்தால் ஒரு கெட்ட வெள்ளைக்காரனை வைக்கச் சொல்கிறார்கள். என் ஆள் மட்டும் அவன் கதையில் அவனே நடுவில் நிற்கக் கூடாது" என்றார்.

காதல் படத்துக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட் போதும், சரித்திரப் படத்துக்குக் கப்பல் வேண்டும், குதிரை வேண்டும், அதனால்தான் பணம் கிடைப்பதில்லை என்று இத்தனை நாள் நான் அவருக்குத் தொழில்நுட்பமாக விளக்கியிருந்தேன். ராஜாக்களின் கதைக்கு மட்டும் அதே கப்பலும் குதிரையும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன என்பதை நானே பலமுறை ஏற்பாடு செய்தும் கவனித்ததில்லை.

"நாளைக்குப் போய், மாற்ற முடியாது என்று சொல்லுங்கள்" என்றார்.

"பணம் போய்விடும்."

"தெரியும். நான் பக்கத்தில் இருப்பேன். ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்க்க வேண்டும்."

நான்காம் நாள் வான் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது. வழியெல்லாம் அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். சிவராசா வீட்டு வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, தட்டில் வெற்றிலை. ஐயர் பதினொரு மணிக்கு வருகிறாராம்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் தட்டில் நண்டு வந்துவிடும் என்று பயம். மாற்ற முடியாது, அன்றைக்கு மாற்றலாம் என்றது நான், ஜோய்க்கு அது தெரியாது, மன்னிக்க வேண்டும். நாலு வாக்கியம் நாற்பது மாதிரி இருந்தது.

சிவராசாவின் முகம் சிவந்தது. ஆனால் கத்தியது என் மேல் இல்லை. ஜோயைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். "எங்கடை சனத்துக்கு நடந்ததையே இன்னும் ஒருத்தனும் ஒழுங்கா எடுக்கேல்லை, பிள்ளை. உலகம் அதைப் பாக்க முந்தி, நாங்கள் செய்ததைக் காட்டவேணுமோ? நாங்கள் பட்டது காணாதோ?"

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். பாதியில் எனக்கே அவர் சொல்வது சரி என்று பட்டது. அதுதான் அந்த நாளிலேயே என்னை மிகவும் பயமுறுத்திய விசயம்.

ஜோய் நேரமெடுத்துப் பேசினார். "நீங்கள் பட்டது போதாது என்று நான் சொல்லமாட்டேன். யார் கெட்டவர் என்று கண்டுபிடிக்கவும் வரவில்லை. கோட்டையில் எத்தனை கல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் எங்கே படுத்தான், யார் சோறு போட்டார்கள் என்று எழுதவில்லை. வெள்ளைக்காரன் வீட்டில் அவனை வைத்தால் அது எனக்குத் தெரிந்த கதை. அவன் இங்கே, இந்தக் கிணறுகளுக்கு நடுவில் இருந்தான். அதைத்தான் கேட்கிறேன்."

சைக்கிளில் வந்து இறங்கிய ஐயர் எங்கள் முகங்களைப் பார்த்தார், மலர் கொடுத்த தேநீரைக் குடித்தார், இன்னொரு வீட்டில் அவசரம் என்று போய்விட்டார். அனுபவசாலி.

மலர் உள்ளே போனார். நாயை அவிழ்த்துவிடப் போகிறார் என்று நினைத்து நான் வானுக்கும் எனக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தேன். திரும்பி வந்தவர் கையில் பழைய ரெக்சின் பை ஒன்று இருந்தது.

சிவராசா எழுந்தார். "மலர், உது இப்ப ஏன்?"

"காணி என்ரை சீதனம். பையும் என்ரை" என்றார் மலர். "நீங்கள் இருங்கோ."

அது உறுதிப் பை. நிலப் பத்திரத்தை அங்கே உறுதி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் ஓட வேண்டி வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். போரில் யாழ்ப்பாணமே கிளம்பிய பெரிய இடப்பெயர்வில், மழையில், சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது மலரின் அம்மா நகைப் பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு இந்தப் பையைத் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டாராம். எது எப்போது தேவைப்படும் என்று தெரியாததால் ஒரு தாளையும் எறிந்ததில்லை. "நகை பிறகு வன்னியிலை போட்டுது. பை மட்டும் போகேல்லை" என்றார்.

அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மிகப் பழைய சீதன உறுதி ஒன்றை நோட்டரி ஒருவர் பிற்காலத்தில் பார்த்தெழுதிய பிரதி. மடிப்புகளில் கிழிந்திருந்தது. மேலிருந்து கீழே வரை விரலால் தேடி, ஓர் இடத்தில் நிறுத்தி, அதற்குக் கீழே இருந்த வரிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னை வாசிக்கச் சொன்னார்.

வடக்கெல்லை, கிழக்கெல்லை. கிணற்றில் அரைப் பங்கு. வேலியோரப் பனைகள். அடுத்த வரியில், ஆப்பிரிக்கர்களை அந்தக் காலத்தில் அழைத்த சொல், ஆண் ஒன்று, பெயர் தோமை. எல்லாம் இளைய மகளுக்குச் சீதனம்.

எல்லைகளை வாசித்த அதே குரலில் அதையும் வாசித்துவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சீதனம் என்பதற்கு எனக்குச் சொல் தெரியும், ஆனாலும் வாய்க்கு வரவில்லை. மலரே ஆங்கிலத்தில் சொன்னார்.

ஜோய் தாளைத் தொடவில்லை. "கீழே என்ன இருக்கிறது?" என்று அந்தக் கையைக் காட்டிக் கேட்டார்.

"வேறை பேருகள்" என்று மலர் தமிழுக்கு மாறி என்னைப் பார்த்தார். "அவையையும் தோமையைப்போலச் சீதனமாக் குடுத்திருக்கு. அவை இந்த ஊராக்கள். அவையின்ரை பேரப்பிள்ளையளின்ரை பிள்ளையள் இப்பவும் உந்த ஒழுங்கைக்கு அங்காலைதான் இருக்கினம். அதை அவையைக் கேட்டுத்தான் காட்டோணும். நான் இன்னும் கேக்கேல்லை. கேக்கிறதுக்கு எனக்கு முகம் வேணும்." நான் மொழிபெயர்த்தேன். ஜோய் தலையசைத்தார்.

சிவராசா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "நான் உதை வாசிச்சனான். கலியாணம் முடிச்ச புதுசிலை" என்றார். "அதுதான் மாத்தச் சொன்னது." தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, "என்னாலை காசு தரேலாது. தம்பிமார் பிறகு என்னோடை கதைக்க மாட்டாங்கள்" என்றார். மலர் அவரைத் திட்டவில்லை. தாளின் அந்த வரியை மட்டும், கீழே கையை வைத்தபடியே, ஜோய் படம் பிடித்துக்கொள்ள அனுமதித்தார். பிறகு எங்களை வெறும் வயிற்றோடு அனுப்பாமல் சோறு போட்டார். நால்வரும் சாப்பிட்டோம். ரமீஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

படம் இன்னும் தொடங்கவில்லை. லண்டனில் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மிக முக்கியமான ஆவணம் என்றார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் ஜோய்க்கும் தெரியும். அவர் இன்னும் இரண்டு இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூட்டை கட்டும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன் மலரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். தங்கள் பெயர்களை மாற்றிவிடச் சொன்னார். மாற்றிவிட்டேன். சிவராசா சிவராசா இல்லை, மலர் மலர் இல்லை. ரமீஸும் தன் பெயரை மாற்றச் சொன்னார், வான் நின்றதை எழுதினால் வாடகை குறையுமாம். தோமைக்கும் வேறு பெயர் வைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் மலர். "மற்றவைக்கு எண்டு கேக்க ஆக்கள் இருக்கினம். அவனுக்கு ஒருத்தரும் இல்லை. பேரையாவது அப்பிடியே விடுங்கோ."